ஒபேத் பில்லியின் நீள ஆமென்

ஆஸ்திரேலியாவின் வடமுனைக் கடலில் கிடக்கிற பாது தீவில் ஞாயிறு ஆராதனை எப்போது முடியும் என்று தெரிந்துகொள்ளப் போதகரைக் கேட்டுப் பயனில்லை. ஒபேத் பில்லியைத்தான் கேட்க வேண்டும். கடைசிப் பாட்டின் கடைசி ஆமெனை எல்லோரும் பாடி முடித்து, புத்தகத்தை மூடி, செருப்பைத் தேடத் தொடங்கிய பிறகும் அந்த மனிதர் மட்டும் அதை விடாமல் இழுத்துக்கொண்டிருப்பார். போதகர் ஆசீர்வாதம் சொல்ல உயர்த்திய கையை இறக்கவும் முடியாமல் நிற்பார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மனைவி சலோமி முழங்கையால் விலாவில் ஓர் இடி இடிப்பாள். அதற்கெல்லாம் மசிகிற ஆள் இல்லை அவர். நெஞ்சில் ஒரு பொட்டுக் காற்று மிச்சமில்லாமல் தீர்ந்த பிறகுதான் வாயை மூடுவார். மூடிவிட்டு, யார் யார் பார்க்கிறார்கள் என்று ஒரு சுற்று பார்த்துக்கொள்வார்.

"ஆண்டவருக்குப் பாடுறியா, ஊருக்குப் பாடுறியா?" என்று வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் சலோமி திட்டுவாள்.

"ரெண்டு பேருக்கும் கேக்கட்டுமே. காசா பணமா?" என்பார் ஒபேத்.

அந்த மூச்சில் அவருக்கு அப்படி ஒரு கர்வம். இருக்காதா பின்னே? சின்ன வயதிலிருந்து அதுதானே சோறு போட்டது. பாதுவில் பாதிப் பேருக்குப் பிழைப்பு சிங்கி இறால். முதுகில் காற்றுக் குடுவை கிடையாது. கண்ணாடி மாட்டிக்கொண்டு, காலில் ரப்பர் துடுப்பை இழுத்துவிட்டு, ஒரு குட்டை ஈட்டியோடு தலைகீழாக இறங்க வேண்டியதுதான். பவளப் பாறையின் பொந்துக்குள்ளிருந்து இரண்டு மீசை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். உடம்பு எவ்வளவு உள்ளே கிடக்கிறது, தலை எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்க்கும்வரை மூச்சு நிற்க வேண்டும். மற்றவர்கள் மேலே வந்து இருமிக்கொண்டிருக்கும்போது ஒபேத் கீழேயே அடுத்த பொந்தைத் தேடிக்கொண்டிருப்பார்.

படகு ஓட்டுவது தம்பி மலாக்காய். வாய் ஓயாதவன். ஆனால் வேலையில் கெட்டி. சுறா கண்ணில் பட்டால் படகின் அடிப்பலகையில் ஸ்பானரால் தட்டுவான். தண்ணீருக்குள் அந்தச் சத்தம் எலும்புக்குள் கேட்கும். கேட்டதும் மேலே வரக்கூடாது, தரையோடு ஒட்டிக்கொண்டு அசையாமல் கிட என்பதுதான் அந்தக் குடும்பத்தின் சட்டம். ஒபேத் உடனே பாறையைக் கட்டிக்கொண்டு, வயிற்றை இறுக்கி, தொண்டையை அடைத்து, காது விண்ணென்று திறக்கும்படி உள்ளுக்குள்ளேயே மூச்சை முட்டித் தள்ளிக்கொண்டு கிடப்பார். இதை யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. உடம்பே பழகிக்கொண்ட பழக்கம். இந்தப் பழக்கம்தான் பின்னால் எல்லோரையும் ஓர் ஆட்டு ஆட்டிவைத்தது.

ஒரு நாள் காலையில் ரப்பர் துடுப்பு காலில் ஏறவில்லை.

"என்னண்ணே, இந்த வயசுல கால் வளருது?" என்றான் மலாக்காய். "அடுத்து மீசை அரும்புமா?"

ஒபேத் சிரித்துவிட்டுச் சோப்புத் தண்ணீர் போட்டு மாட்டிப் பார்த்தார். இரண்டு பாதமும் பொம்மென்று வீங்கியிருந்தன. விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. இதற்கு முன்பே சிறுநீர் சில நாள் கறுத்த தேநீர் மாதிரிப் போயிருந்தது. வெயிலில் தண்ணீர் குடிக்காததுதான் காரணம் என்று தனக்குத் தானே வைத்தியம் பார்த்துக்கொண்டு, ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. எங்கள் ஆண்பிள்ளைகளுக்கு இது ஒரு தனி வியாதி. கடலில் துளி மேகம் கறுத்தால் ஊரைக் கூட்டுவார்கள். சொந்த உடம்பில் ரத்தம் போனால் பக்கத்தில் படுத்திருப்பவளிடம்கூடச் சொல்லமாட்டார்கள்.

சலோமிக்குத் தெரிந்ததும் வீடு இரண்டுபட்டது. அன்றைக்கே கிளினிக், அங்கிருந்து தர்ஸ்டே தீவு, அங்கிருந்து விமானம் ஏற்றிக் கெய்ன்ஸ் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரி. வலது சிறுநீரகத்தில் ஒரு கட்டி. புற்று. அது மட்டும் இருந்தால் வெட்டி எறிந்துவிட்டு வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். இது ரத்தக் குழாய்க்குள் நுழைந்திருந்தது.

அறுவை சிகிச்சை செய்கிற டாக்டர் மோரெட்டி கரும்புத் தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளை. மண்வெட்டி பிடிக்க அளந்து செய்தது போன்ற கைகள். சுற்றி வளைக்காமல் பேசினார்.

"அங்கிள் ஒபேத், கிட்னியிலேர்ந்து ஒரு குழாய் கிளம்பி, வயித்துக்குள்ள இருக்கிற பெரிய ரத்தக் குழாய்ல சேருது. அந்தப் பெரிய குழாய் ஈரலுக்குப் பின்னாடி ஏறி நேரா ஹார்ட்டுக்குப் போகுது. உங்க கட்டி அதுக்குள்ள நாக்கை நீட்டிருச்சு. அதான் கால்ல இருந்து ரத்தம் மேல ஏற முடியாம வீங்குது. நாக்கு நுனி எங்க நிக்குதுன்னு முதல்ல எடுத்த ஸ்கேன்ல சரியாத் தெரியல."

"பொந்துக்குள்ள சிங்கி," என்றார் ஒபேத். "மீசை தெரியுது, தலை தெரியல."

மோரெட்டி ஒரு கணம் அவரைப் பார்த்தார். "அதேதான். தலை ஈரலுக்குக் கீழேயே நின்னா, நானே இங்க வயித்தைத் திறந்து எடுத்துருவேன். மேல ஹார்ட் வாசல் வரைக்கும் போயிருந்தா நெஞ்செலும்பை அறுக்கணும். ஹார்ட்டை நிறுத்தி மெஷின்ல போடணும். அது பிரிஸ்பேன்ல. உங்களுக்கு அறுபதை நெருங்குது. அவங்க எடுப்பாங்களான்னு நான் வாக்குக் குடுக்க முடியாது."

"எடுத்தா? அப்புறம் நான் முங்கலாமா?"

"முதல்ல பிழைக்கிறதைப் பாப்போம்."

"நெஞ்சை அறுத்துட்டா முங்க முடியாதுங்கிறீங்க."

சலோமி கணவரின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ உசுரோட இருந்தாப் போதும்யா. சிங்கி பொந்துலயே கிடந்து சாகட்டும்."

நாக்கு நுனி எங்கே நிற்கிறது என்பதைச் சொல்லக்கூடிய ஒரே ஆள் எம்ஆர்ஐ மெஷின். அதற்கு நாள் குறித்தார்கள். மலாக்காய் அடுத்த விமானத்திலேயே வந்து இறங்கினான், ஐஸ் பெட்டி நிறைய எலுமிச்சை பிழிந்த பச்சை மீனோடு. ஆஸ்பத்திரிச் சோற்றைப் பார்த்து அண்ணன் செத்துவிடக்கூடாதாம். எம்ஆர்ஐக்கு முன்னால் எதுவும் சாப்பிடக்கூடாது என்று நர்ஸ் பெட்டியை வாங்கி வைத்துவிட்டாள். அவளுக்கு அவன் வைத்த பெயரை இங்கே எழுத முடியாது.

மெஷின் அறையில் பொறுப்பு கெரினுக்கு. நல்ல உயரம், முழங்கையில் பச்சை குத்திய செம்பருத்திப் பூ, உரக்கச் சிரிக்கிற பெண். ஒபேத்தைக் குழாய்க்குள் தள்ளும் பலகையில் படுக்கவைத்து, வயிற்றின் மேல் ஒரு தகட்டைக் கட்டி, காதில் ஹெட்ஃபோனை மாட்டினாள்.

"அங்கிள், சின்னச் சின்னப் படமா எடுப்பேன். ஒவ்வொண்ணுக்கும் மூச்சை நிறுத்தச் சொல்லுவேன். வயிறு அசைஞ்சா படம் கலங்கிரும். மூச்சு நிறுத்த முடியும்ல?"

ஒபேத்துக்கு வந்ததே சிரிப்பு! வந்து இறங்கியதிலிருந்து ஊசி, குழாய், முதுகுப் பக்கம் திறந்த கவுன் என்று எல்லாம் அவமானமாகவே போய்க்கொண்டிருந்தது. இப்போதுதான் ஒருத்தி அவருக்குத் தெரிந்த ஒன்றைக் கேட்கிறாள்.

"நீ சாப்பிட்டுட்டு வந்துகூட விடச் சொல்லும்மா. நிறுத்தி வச்சிருப்பேன்."

பலகை உள்ளே போனது. "மூச்சை நல்லா இழுங்க, அப்படியே நிறுத்துங்க," என்று காதில் குரல் கேட்டது. ஒபேத் பாது தீவுக் காற்றையே உறிஞ்சுவதுபோல் இழுத்தார். மெஷின் தட்டத் தொடங்கியது. டொக் டொக் டொக் என்று தலைக்கு மேலேயும் முதுகுக்குக் கீழேயும் சத்தம் எலும்புக்குள் இறங்கியது. வயிறு இறுகியது, தொண்டை அடைத்தது, காது விண்ணென்று திறந்தது. பாறை மட்டும்தான் கையில் இல்லை.

"போதும் அங்கிள், விடுங்க."

அவர் விடவில்லை. இவ்வளவு சீக்கிரமா? நம்மை யாரென்று நினைத்தாள்?

"அங்கிள்? விட்ருங்க. அங்கிள்! படம் எப்பவோ முடிஞ்சிருச்சு!"

சாவகாசமாக விட்டார். இப்படியே ஒவ்வொரு படத்துக்கும். ஒருவேளை கெரின் உட்கார்ந்திருந்த கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் கை தட்டுவார்களோ என்றுகூட அவருக்கு ஓர் எதிர்பார்ப்பு இருந்தது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யாரும் கை தட்டவில்லை. படம் பார்க்கும் டாக்டர் விஷார்ட் வந்து கெரினின் தோளுக்கு மேலாகக் குனிந்து நின்றார். நரைத்த குட்டை முடி, நேரான முதுகு, முகத்தில் எதையும் காட்டாத டாக்டரம்மா. திரையில் பெரிய குழாய்க்குள் ஒரு சாம்பல் நிழல் சிறுநீரகத்தின் அருகே தொடங்கி, ஈரலுக்குப் பின்னால் ஏறி, ஏறி, இதயத்தின் வாசல்வரை போயிருந்தது. மோரெட்டியை வரச் சொன்னார். அவர் வேகமாக நடைபாதையில் ஓடிவருவதை வெளியே உட்கார்ந்திருந்த சலோமி பார்த்தாள். ஓடுகிற டாக்டரைப் பார்த்த பிறகு உட்கார்ந்திருக்க யாரால் முடியும்? எழுந்து கதவருகே போய் நின்றுகொண்டாள்.

"பிரிஸ்பேன்தானா?" என்று கேட்டார் மோரெட்டி.

"எனக்குப் பிடிக்கல," என்றார் விஷார்ட். "கீழ்ப்பாதி கட்டிதான். சந்தேகமில்லை. மேல்பாதி ஒவ்வொரு படத்துலயும் ஒவ்வொரு மாதிரி இருக்கு. கட்டின்னா ஏன் இப்படி மாறணும்? இந்தப் படத்தை நம்பி ஒரு மனுஷன் நெஞ்சைப் பிளக்க நான் கையெழுத்துப் போடமாட்டேன். பிளக்க வேண்டாம்னும் போடமாட்டேன். ரத்தத்துல சாயம் ஏத்துறதுக்கு முன்னாடி நான் அவரைப் பாக்கணும்."

பலகையை வெளியே இழுத்தார்கள். கண்ணாடி வழியாக மூன்று முகங்களும் திரையை விட்டுத் திரும்பாமல் நின்றதை ஒபேத் பார்த்துவிட்டார். கடலில்கூட இப்படிப் பயந்ததில்லை.

"அங்கிள், நீங்க மூச்சை எப்படி நிறுத்துறீங்க? எனக்கு ஒருதரம் செஞ்சு காட்டுங்க," என்றார் விஷார்ட்.

"எப்படின்னா? எல்லாரும் நிறுத்துற மாதிரிதான்." செய்து காட்டினார். ஒன்றும் விசேஷமில்லை. எல்லோரையும் போலத்தான் இருந்தது. டாக்டரம்மா நெற்றியைச் சுருக்கினார்.

"உள்ளேயும் இப்படித்தான் செஞ்சீங்களா?"

ஒபேத் யோசித்தார். "இல்லையே. உள்ள அது தட்டுச்சே."

"எது?"

"உங்க மெஷின். தட்டினா கெட்டியாப் பிடிச்சுக்கணும்ல? இப்படி." பலகையின் ஓரத்தை இரண்டு கையாலும் பற்றி, சுறாவுக்குக் கீழே கிடப்பதுபோலவே முட்டித் தள்ளிக் காட்டினார். முகம் கருஞ்சிவப்பானது. கழுத்தின் இரண்டு பக்கமும் நரம்புகள் படகுக் கயிறு தடிமனுக்குப் புடைத்து எழுந்தன.

"கெரின், கழுத்தைப் பாரு!" என்று விஷார்ட் கத்தியேவிட்டார். அவர் கத்தி கெரின் கேட்டதே இல்லையாம். "விடுங்க அங்கிள், விடுங்க! கடவுளே, ரத்தக் குழாயையே அடைச்சு வச்சிருக்கார் மனுஷன்!"

மூச்சை அப்படி முட்டித் தள்ளினால் ரத்தம் இதயத்துக்குள் போக வழியில்லாமல் பெரிய குழாயிலேயே வரிசையில் நின்றுவிடும். ஓடுகிற ரத்தம் படத்தில் ஒரு மாதிரி. நின்ற ரத்தம் வேறு மாதிரி, ஏறக்குறையக் கட்டி மாதிரியே விழும். மேலே தெரிந்த நிழல் நின்ற ரத்தமாக இருக்கலாம். உண்மையிலேயே கட்டியாகவும் இருக்கலாம். இரண்டையும் பிரித்துக் காட்டுவது சாயம். கட்டிக்கு உயிர் உண்டு, அது சாயத்தைக் குடிக்கும். ஆனால் அந்தச் சாயத்தை இன்றைக்கு ஒருமுறைதான் ஏற்ற முடியும். அந்த நேரத்தில் மனிதர் முட்டக்கூடாது.

"முட்டாம இருக்க ஒரே வழிதான் இருக்கு," என்றார் விஷார்ட். "மூச்சை இழுக்காதீங்க. எல்லாக் காத்தையும் வெளிய விட்டுட்டு, காலி நெஞ்சோட அப்படியே இருங்க. உள்ள ஒண்ணும் இல்லன்னா எதை வச்சு முட்டுவீங்க?"

ஒபேத்தின் முகம் மாறியது. "காலியாவா?"

"கொஞ்ச நேரம்தான்."

முயன்றார். காற்றை விட்டார். நெஞ்சு காலியானதும் கண் பிதுங்க, கை பலகையை அறைய, ஹா என்று இழுத்துவிட்டார். மறுபடி முயன்றார். மறுபடி அதே. நெற்றியில் வியர்த்துக் கொட்டியது. கல்யாணத்துக்கு முந்தின வருடம் ஒரு பாறை இடுக்கில் இடுப்பு சிக்கி, மூச்செல்லாம் குமிழி குமிழியாகப் போய், காலி நெஞ்சோடு கிடந்தவர் அவர். மலாக்காய் குதித்து இழுத்திருக்காவிட்டால் அன்றைக்கே கதை முடிந்திருக்கும். நிறைந்த நெஞ்சு என்றால் அவருக்கு வீடு மாதிரி. காலி நெஞ்சு என்றால் அந்த இடுக்கு.

"என்னால ஆகாதும்மா," என்றார். அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்து ஊரில் யாரும் கேட்டதில்லை. "நெஞ்சை வேணா அறுத்துக்கங்க."

கெரின் விஷார்ட்டைப் பார்த்தாள். விஷார்ட் மோரெட்டியைப் பார்த்தார். மோரெட்டி கதவைத் திறந்து சலோமியை உள்ளே கூப்பிட்டார்.

கம்மல், ஹேர்பின், செருப்பு, எல்லாவற்றையும் கழற்றி வாங்கிக்கொண்டுதான் சலோமியை மெஷின் அறைக்குள் விட்டார்கள். விஷயத்தைக் கெரின் சொன்னதும் அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கணவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"காலி நெஞ்சோட இருக்க முடியாதா? உனக்கா?"

"சலோமி, உனக்குத் தெரியாது. அந்தப் பாறை..."

"பாறையை விடு. ஞாயித்துக்கிழமை ஆமென் இழுக்கிறியே, முடிஞ்சதும் நெஞ்சுல என்ன இருக்கும்?"

ஒபேத் கவுனின் ஓரத்தை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"சொல்லுய்யா. சொட்டுக் காத்து இருக்குமா? முப்பது வருஷமாப் பாக்கிறேன். மொத்தத்தையும் கொட்டிட்டு, காலி டின்னு மாதிரி நின்னுக்கிட்டு, எவன் பாக்கிறான் எவ பாக்கிறான்னு ஒரு சுத்துச் சுத்திப் பாப்பியே! பாத்து முடிக்கிற வரைக்கும் மூச்சு எடுக்கிறியா நீ? எடுக்கவே மாட்ட. அப்பல்லாம் செத்தா போயிட்ட?"

கெரின் சிரித்துவிட்டாள். விஷார்ட் சிரிக்கவில்லை. கண் மட்டும் மின்னியது.

"பாட முடியுமா அங்கிள்? உள்ள படுத்துக்கிட்டே?"

"பாடலாம்," என்றார் ஒபேத் மெதுவாக. வெட்கமாகவும் இருந்தது, கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. "எந்த சுதியில?"

"உங்க இஷ்டம். பாடி முடிச்சதும் அசையாதீங்க. தட்டினாலும் முட்டாதீங்க. அது சுறா இல்ல, கெரின்தான்."

"நான் காலைப் பிடிச்சுக்கிறேன்," என்றாள் சலோமி. "நான் அழுத்திப் பிடிச்சிருக்கிற வரைக்கும் சும்மா கிட. தட்டுறது நின்னதும் பிடியை விடுவேன், அப்ப மூச்சு எடு. என் பேச்சை ஒருநாளாவது கேளு."

பலகை உள்ளே போனது. வெளியே நீட்டிக்கொண்டிருந்த வீங்கின பாதத்தைச் சலோமி இரண்டு கையாலும் பற்றிக்கொண்டாள். அவள் காதிலும் பஞ்சு அடைத்திருந்தார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கெரின் விரலைப் பொத்தான் மேல் வைத்துக்கொண்டு திரையையே பார்த்தாள். கைக் குழாய் வழியாகச் சாயம் ஏறத் தொடங்கியது. ஒபேத்துக்குக் கையெல்லாம் குளிர்ந்தது, வாயில் இரும்பு ருசித்தது. இனித் திரும்ப வழியில்லை.

"அங்கிள், இப்போ! பாடுங்க!"

குழாய்க்குள்ளிருந்து ஆமென் கிளம்பியது. அந்தக் குறுகலான இடத்துக்குள் அது எப்படி முழங்கியது என்கிறீர்கள்! ஒலிபெருக்கி வழியாகக் கட்டுப்பாட்டு அறை அதிர்ந்தது. நடைபாதையில் மலாக்காய் எழுந்து நின்று, "எங்கண்ணன்! அது எங்கண்ணன்!" என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொன்னான். குரல் நீண்டது, மெலிந்தது, நூலானது, தீர்ந்தது. நெஞ்சு காலி.

சலோமி அழுத்திப் பிடித்தாள்.

மெஷின் தட்டியது. டொக் டொக் டொக். ஒபேத்தின் வயிறு இறுகப் பார்த்தது. பாறை இடுக்கு ஒரு கணம் கண்முன் வந்து போனது. ஆனால் நெஞ்சில் முட்ட ஒன்றுமில்லை. ஆமென் முடிந்த அமைதி மட்டும்தான் இருந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு, கோயிலில் செய்வதுபோலவே ஒரு சுற்று பார்த்தார். முன்னால் போதகர், கையைத் தூக்கியபடி. ஜன்னலோரம் மலாக்காய், கொட்டாவி விட்டபடி. பக்கத்தில் சலோமி, முழங்கையைத் தயாராக வைத்துக்கொண்டு. எல்லோரும் இருந்தார்கள். யாரும் எங்கேயும் போய்விடவில்லை.

காலில் பிடி தளர்ந்தது. மூச்சு எடுத்தார். காற்று அவ்வளவு இனிப்பாக இருக்கும் என்று அவருக்கே தெரியாது.

"அருமை அங்கிள்! இன்னொண்ணு! பாடுங்க!"

இன்னோர் ஆமென். மறுபடி பிடி, மறுபடி தட்டு, மறுபடி அமைதி. பிறகு ஒன்று. கடைசி ஆமெனில் குரல் கொஞ்சம் பிசிறியது. ஆனால் உடம்பு கல் மாதிரிக் கிடந்தது.

பலகை வெளியே வந்தபோது கெரின் அறைக்குள் ஓடியே வந்தாள். "அசத்திட்டீங்க!" என்றாள். "படம் எப்படி?" என்று ஒபேத் கேட்டதற்கு மட்டும், "டாக்டர் சொல்லுவாங்க," என்று நழுவினாள். அந்தக் காத்திருப்பு இருக்கிறதே, அது எந்த மூச்சை விடவும் நீளம். கவுனுக்கு மேல் ஒரு போர்வையைச் சுற்றிக்கொண்டு, சலோமியின் தோளில் கை போட்டபடி, நாற்காலியில் உட்காரமாட்டேன் என்று நின்றார்.

விஷார்ட் கதவைத் திறந்து அவர்களை உள்ளே கூப்பிட்டார். வழக்கமாக அவர் நோயாளிகளை அந்த அறைக்குள் விடுவதில்லை. "நீங்களே பாருங்க," என்றார்.

திரையில் பெரிய குழாய் பளிச்சென்ற வெள்ளையாக நின்றது. அதன் அடிப்பக்கத்தில், சிறுநீரகத்தின் பக்கமிருந்து, ஒரு சாம்பல் நாக்கு நுழைந்திருந்தது. சாயம் குடித்துத் திட்டுத் திட்டாக மினுங்கியது. கட்டிதான், மறுக்க முடியாது. ஆனால் அது ஏறவில்லை. உருண்டையான நுனியோடு அங்கேயே நின்றுவிட்டது. அதற்கு மேலே, ஈரலுக்குப் பின்னால், இதயத்தின் வாசல்வரை, முன்பு நிழல் இருந்த இடமெல்லாம் ஓடுகிற சுத்தமான ரத்தம். ஒரு பொட்டு நிழல் இல்லை.

"தலை இங்க," என்று மோரெட்டி தடித்த விரலால் தொட்டுக் காட்டினார். "ஈரல்லேர்ந்து வர்ற குழாய் இங்க சேருது. அதுக்குக் கீழேயே நின்னுருச்சு. சுவத்தோட ஒட்டவும் இல்ல. நெஞ்சைத் தொடவே வேண்டாம் அங்கிள். பிரிஸ்பேனும் வேண்டாம். நான் எடுக்கிறேன். இங்கேயே."

ஒபேத் திரைக்குக் கிட்டப் போய்க் குனிந்து பார்த்தார்.

"இத்தனூண்டா?" என்றார். "இது கரையில நின்னே பிடிக்கிற சிங்கி!"

சலோமி அன்று காலையிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. இப்போது அவர் முதுகில் படார் படாரென்று அடித்துக்கொண்டே அழுதாள். "சிறுநீர் கறுத்தப்பவே சொல்லியிருந்தா இது குட்டியிலயே போயிருக்கும்ல? சொல்லுவியா இனிமே? சொல்லுவியா?" சொல்லுகிறேன், சொல்லுகிறேன் என்று ஒபேத் குனிந்துகொண்டே அடி வாங்கினார். வெளியே மலாக்காய் சேதி கேட்டுப் போட்ட சத்தத்தில் பாதுகாப்புக்காரர் வந்துவிட்டார். அவருக்கும் பச்சை மீன் கிடைத்தது.

அடுத்த வாரமே மோரெட்டி வயிற்றைத் திறந்தார். பெரிய குழாயை மேலும் கீழும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, சின்னதாகக் கீறி, நாக்கைப் பிய்யாமல் உருவி எடுத்து, சிறுநீரகத்தோடு சேர்த்து வெளியே வைத்தாராம். படத்தில் இருந்த இடத்திலேயே, படத்தில் இருந்த நீளத்துக்கே இருந்ததாம். நெஞ்செலும்பு முழுசாகத் தப்பியது. அவ்வப்போது கெய்ன்ஸ் போய்ப் படம் எடுத்துப் பார்க்க வேண்டும். அது வேறு கதை. கால் வீக்கம் வடிந்தது. ரப்பர் துடுப்பைச் சலோமி பூட்டி வைத்திருந்தாள். டாக்டர் சரி என்று சொன்னால்தான் சாவி.

ஊர் திரும்பின முதல் ஞாயிற்றுக்கிழமை கோயிலில் உட்கார இடமில்லை. வராதவர்களெல்லாம் வந்திருந்தார்கள். கடைசிப் பாட்டு வந்தது. ஒபேத் வயிற்றுத் தையலை ஒரு கையால் தாங்கிக்கொண்டு எழுந்து நின்றார். எல்லோரும் ஆமென் பாடி, வேண்டுமென்றே சீக்கிரமாக முடித்துக்கொண்டார்கள். யாரும் புத்தகத்தை மூடவில்லை. யாரும் செருப்பைத் தேடவில்லை. போதகர் கையை உயர்த்தியபடி புன்னகையோடு நின்றார்.

ஒபேத் இழுத்தார். குரல் எழும்பியது. எழும்பின வேகத்திலேயே தையல் சுரீரென்று இழுக்க, பாதியில் அறுந்து போனது.

ஒபேத்தின் முகம் விழுந்துவிட்டது. அவர் யாரையும் சுற்றிப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தார்.

அப்போது பக்கத்திலிருந்து இன்னொரு குரல் அந்த ஆமெனை விட்ட இடத்திலேயே பிடித்துக்கொண்டது. சுதி சேரவில்லை. அவளுக்கு எப்போதும் சேர்ந்ததில்லை. முப்பது வருடமாக முழங்கையால் இடித்து இடித்து அந்த ஆமெனை நிறுத்தப் பார்த்த சலோமி, கழுத்து நரம்பு தெரிய, கண்ணை இறுக மூடிக்கொண்டு, அதை இழுத்தாள், இழுத்தாள், நெஞ்சு காலியாகும்வரை இழுத்தாள். ஒபேத் நிமிர்ந்து, அவள் முடிக்கும்வரை மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.